அக்கா தேடிய தையல்

அக்காவின் விலாவில் ஒரு சாண் நீளத் தழும்பு உண்டு. அந்தக் காலத்துக் கல் ஆபரேஷன். எனக்கும் சிறுநீரகத்தில் கல் என்றதும், அந்தத் தழும்புக்குப் பயந்தே மாதக்கணக்கில் வலியை மறைத்தேன்.

கடைசியில் அல்சூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அக்கா தர்மபுரியிலிருந்து துணைக்கு வந்தாள்.

நான் கண் விழித்தபோது, அவள் என் சட்டையைத் தூக்கித் தையலைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

“சிஸ்டர், என் தம்பிக்கு ஆபரேஷனே பண்ணலையா?”

“ஆய்த்தும்மா, முடிஞ்சுது. யூரின் போற வழியாவே டியூப் விட்டு, லேசர்ல கல்லப் பொடியாக்கிட்டாங்க” என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி நர்ஸ் சிரித்தார்.

மிச்ச லீவில் அல்சூர் ஏரிக்கரையில் நடந்தோம். “இதுக்கா ஒரு வாரம் லீவு போட்டேன்?” என்று திட்டிய அக்கா, தன் விலாவைத் தடவிக்கொண்டே சிரித்தாள். “நான் பட்டத நீ படலடா. அது போதும்.”

இன்றும் குளிக்கும்போது, தழும்பில்லாத என் விலாவைத் தொட்டால் அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது.