தெருமுனையில் நிற்காத வண்டி

என் உயரத்தைப் பற்றி யாரும் பேசினால் எனக்குப் பிடிக்காது. பேசாமல் காலைப் பார்த்தாலும் பிடிக்காது. அப்படிப்பட்டவன் போய் அந்த உயரமான பைக்கை வாங்கியிருக்கக் கூடாது. சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கிறேன். ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஓடும், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் பாதைகளுக்கு அதுதான் தோது என்று எல்லோரிடமும் அளந்தேன். உண்மையில், அதில் உட்கார்ந்தால் வாட்டசாட்டமாகத் தெரிவதாக எனக்கு நினைப்பு. நிறுத்தினால்தான் வம்பு. கால் தரைக்கு எட்டாது. படி, கல், வாய்க்கால் விளிம்பு என்று ஏதாவது மேடு பார்த்துத்தான் நிறுத்துவேன். இது என் மனைவிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. ஒரு பக்கம் திருகினால் இறுகும், மறுபக்கம் திருகினால் இளகும். இளக்கிவிட்டால் வண்டி பதியும், கால் எட்டிவிடும் என்று நானே முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரை எடுத்து, அது போகிற மட்டும் இளக்கிவிட்டேன். வண்டி இம்மிகூடப் பதியவில்லை. அந்தத் திருகு உயரத்துக்கானதே அல்ல. அமுங்கிய ஸ்பிரிங்கைத் துள்ளவிடாமல் மெல்ல எழும்ப வைப்பதுதான் அதன் வேலை. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு, மெத்தைபோல இருக்கிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ராயகிரியிலிருந்து போன். மனைவியின் பெரியப்பா இறந்துவிட்டார். அப்பா இல்லாத அவளை வளர்த்தவர் அவர். எனக்குப் பெண் கொடுப்பதில் அந்த வீட்டில் பலருக்கு மனத்தாங்கல். அவர்தான் ஒற்றை ஆளாக நின்று கல்யாணத்தை முடித்துவைத்தார்.

துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கப் போகிற பெண்கள் எங்கள் பக்கம் தெருமுனையிலேயே இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து அழுதுகொண்டே நடந்து போக வேண்டும். சத்தம் கேட்டு வீட்டுப் பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள். அதுதான் முறை. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த பைக்கில்தான் போனேன். தெருமுனை வந்ததும், "இங்கன நிறுத்துங்க" என்றாள். அடக்க முடியாமல் அங்கேயே அழவும் ஆரம்பித்துவிட்டாள். நான் மேடு தேடினேன். துடைத்துவிட்டதுபோல் சிமெண்டுத் தரை. அவளையும் சேர்த்துக் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில், வீட்டு வாசலில் படி இருக்குமே என்று ஓட்டிக்கொண்டே போனேன்.

குழாய் பதிக்கத் தோண்டி மூடிய மேடுகள் தெருவுக்குக் குறுக்கே கிடந்தன. முதல் மேட்டில் ஏறியதும் வண்டி குதிக்கத் தொடங்கியது. ஒரு குதி அடங்குமுன் அடுத்த மேடு. அவள் அழுகையும் சேர்ந்து குதித்தது. "என்னப் பெத்... த பெ... ரியப்... பா..." பந்தலில் இருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் துண்டால் வாயைப் பொத்தினார். இன்னொருவருக்குத் தோள் குலுங்கியது. அப்புறம் பந்தல் முழுக்கச் சிரிப்பு. துட்டி வீட்டில். நான் படியில் காலை ஊன்றிய பிறகும் வண்டி ஆடிவிட்டுத்தான் நின்றது. அவள் சட்டென்று அழுகையை நிறுத்தி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கட்டிக்கொள்ள யாரும் வெளியே வரவில்லை.

துக்கம் கேட்கிற முறைப்படி, வரிசையில் நின்ற வீட்டு ஆண்களின் கையைத் தொட்டேன். ஒருவர் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உள்ளே யார் யாரோ அழுதார்கள். அவள் குரல் மட்டும் கேட்கவே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு, துட்டி வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம். அவள் முன்னால் நடந்தாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

தெருமுனையில், "எனக்குக் கால் எட்டலட்டி" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன். காலைல சொல்லியிருந்தா பஸ்ல வந்திருப்போம்லா." கொஞ்ச தூரம் போய், "பெரியப்பாவுக்கு இனிமே நா எப்பம் போயி அழ?" என்று கேட்டாள்.

மெயின் ரோட்டில் பஸ் வந்து நின்றது. அவள் ஏறப் போனவள் திரும்பிப் பார்த்தாள். அங்கே காலை ஊன்ற ஒரு கல்கூட இல்லை. திரும்பி வந்து வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.