சதுப்பு நிலத்து இன்ஸ்பெக்டரம்மா

“காலைத் தூக்குங்க. அந்தக் கால் இல்ல, இந்தக் கால்.”

எலக்ட்ரீஷியன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடுகிறார். அவருடைய ஷூவின் அடிப்பாகத்தைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் குடைந்துகொண்டிருக்கிறாள் அவள். பள்ளங்களில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி வாளிக்குள் தட்டுகிறாள். பிறகு ஷூவைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறாள். திருப்தி இல்லை. “இன்னொரு தடவை.” பம்பை ரிப்பேர் பண்ண வந்த மனுஷன் வந்த வேலையையே மறந்துவிடுவார் போலிருக்கிறது.

அவள் சதுப்பு நில ஆராய்ச்சி மாணவி. மாணவி என்றதும் புத்தகப் பையோடு ஒரு சின்னப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. கல்யாணமாகி மாமியார் வரைக்கும் எல்லாம் உண்டு. வாட்ச்மேன் அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்தார். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், இப்போது நேரிலேயே கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

இந்த இடத்தை விளையாட்டுத் திடலாக்குகிறோம் என்று எந்தக் காலத்திலோ வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கிவிட்டார்கள். தண்ணீர் போனதுதான் மிச்சம், திடல் வரவில்லை. இவள் ஆய்வு உதவித்தொகை வாங்கிக்கொண்டு வந்து, வடிகாலை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, கோரையும் நாணலும் நட்டாள். தவளை வந்தது. தவளையைத் தின்னக் கொக்கு வந்தது. கொக்கைப் படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள், அவர்களுடைய ஷூக்களும் வந்தன. வேற்றிடத்துக் களையின் ஒரு விதை ஷூ மண்ணில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தால் போதும், கோரையை மூடிவிடும் என்பது அவள் கட்சி. அதனால்தான் வாசலில் இந்த வழிமறிப்பு. ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டரையே ஒருநாள் காலுறையோடு நிற்க வைத்தாள்.

பிரஷ் சப்ளை கணவர். அவர் பல் டாக்டர். “ஊர்ல ஒருத்தனும் ஒழுங்கா பல் தேய்க்க மாட்டேங்கறான். என் பொண்டாட்டி செருப்புக்குத் தேய்ச்சு விடறா” என்று நோயாளிகளிடம் புலம்புவார். வாய் திறந்தபடி கிடப்பவர்களால் பதில் சொல்ல முடியாது என்பதால் அவருக்கு அது வசதி. வீட்டு ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சேற்றுப் புட்டிகள் அடுக்கியிருக்கும். “உலகத்துல எத்தனையோ படிப்பு இருக்கு, இவளுக்குன்னு பாரு, சேத்துல போய் ஒரு படிப்பு” என்பார் மாமியார். ஆனால் அக்கம்பக்கத்தில் மருமகளைத் தண்ணீர் விஞ்ஞானி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.

சும்மா இருக்கத் தெரியாத கை அவளுக்கு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நடைபாதை வெடிப்பில் முளைத்ததைப் பிடுங்குவாள். ஞாயிற்றுக்கிழமை கணவரின் கிளினிக் வேலியில் படர்ந்திருக்கும் ஊதாப் பூக் கொடியின் அடியில் மண்டியிட்டுப் புல் பிடுங்குவாள். அதற்கென்றே முழங்காலில் தடித்த பட்டைகள் கட்டிக்கொள்வாள். சதுப்பில் நாற்றுகளை எண்ணும்போதும் அதே பட்டைகள்தான்.

உதவித்தொகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. நீட்டிக்காவிட்டால் வடிகாலைத் திறந்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டுவார்கள். வரைபடம் தயார், எந்தக் கார் எங்கே நிற்கும் என்பது உட்பட. அந்த நேரம் பார்த்து அவளுடைய கோரைக்கு நடுவில் ஊதாப் பூ பூத்தது. ஒன்றல்ல, அங்கங்கே ஜோடி ஜோடியாக.

அவள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. வாட்ச்மேனைக் குடைந்தாள். ஷூ காட்டிய எல்லோரையும் நினைவுபடுத்தி மறுபடி விசாரித்தாள். கடைசியில் எலக்ட்ரீஷியனைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதான் அன்னிக்கு அவசரம் அவசரம்னு ஓடினீங்க.”

“அம்மா, என் காலை நீங்க தேய்ச்ச தேய்ப்புல ஷூவே பாதி தேஞ்சு போச்சு. அதுல விதை எங்க நிக்கும்?”

பத்துப் பேர் முன்னால் நடந்த வாக்குவாதம் அது. அவர் பம்பை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் களையை அளக்க ஒரு ஜோடிக்கு முன்னால் மண்டியிட்டவள் குனிந்து பார்த்தாள். இந்தக் கொத்துக்கு நேரே இந்த முழங்கால், அந்தக் கொத்துக்கு நேரே அந்த முழங்கால். தைத்துக் கொடுத்தது மாதிரி அளவு. வீட்டுக்கு வந்து முழங்கால் பட்டையின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டியைப் பிரித்தாள். அந்தச் சொரசொரப்புக்குள் கிளினிக் கொடியின் விதைகள் சுகமாகக் குடியிருந்தன. ஊரார் காலையெல்லாம் தேய்த்தவள் தன் முழங்காலைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

“பறவை கொண்டு வந்துச்சுன்னு சொல்லிடும்மா” என்றார் அவளுடைய பேராசிரியர். “பறவை என்ன, வந்து மறுத்துப் பேசவா போகுது? நீயே களையைக் கொண்டு வந்தேன்னு சொன்னா அவங்க இடத்தைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. வாயைத் திறக்காத.”

அவள் தலையாட்டினாள். கோரையை நினைத்துத்தான் ஆட்டினாள்.

குழு வந்தது. தலைவியம்மாள் நன்றாக விஷயம் தெரிந்தவர். கோரையை விட்டுவிட்டு நேரே ஊதாப் பூவிடம் போய் நின்றார். பேராசிரியர் கூப்பிட்டனுப்பியதால் எலக்ட்ரீஷியனும் வந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பம்பருகே நின்றிருந்தார். அவள் குழுவினருக்கு வேர் காட்டுவதற்காகச் சேற்றுக்குள் கைவிட்டு ஒரு கொடியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“இதை உள்ள கொண்டு வந்தது யாரு?”

“பறவைங்கதான் மேடம்” என்றார் பேராசிரியர்.

“பறவை இப்படி அளவெடுத்து ஜோடி ஜோடியா நடுமா சார்?”

பேராசிரியரின் பார்வை சுற்றிச் சுழன்று பம்பருகே போய் நின்றது. “வெளியாளுங்களும் வந்து போறாங்க மேடம். இப்ப பாருங்க, இவரு மாதிரி…”

குழு முழுவதும் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பியது. அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டரம்மா சேற்றிலிருந்து கையை உருவி, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோலத் தலைக்கு மேலே தூக்கினாள். சேறு முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்க்கும் வரை அவள் கையை இறக்கவில்லை.