ஒரு மணி நேரம் கேட்டவர்

பெரம்பலூருக்கு மேற்கே, இப்போது மூடிக் கிடக்கும் ஒரு கல்லுடைக்கும் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவர் வீரமுத்து. அந்த உழைப்பு அவர் நுரையீரலில் தூசியாய்ப் படிந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாள் திருமுன் பாசுரம் பாடியவர், ஓரடிக்கு இருமுறை மூச்சு வாங்கலானார். பின்னர் கைகூப்பி நிற்பதோடு சரி.

தூசிநோயாளருக்கென ஒதுக்கிய பணம் செலவாகாமலே திரும்பியதை அவர் அறிந்தார். காரணம் கேட்டு அலுவலகங்களில் ஏறி இறங்கினார். நாடாளுமன்றத்தில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். அங்கோ, பெரும்பாலான துறைகளின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் விவாதமின்றிக் கடைசி நாளில் ஒன்றாகச் சேர்த்து நிறைவேற்றப்படுவதைத் தொலைக்காட்சியில் கண்டார்.

அன்றே மனு எழுத அமர்ந்தார். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மணி நேரமேனும் விவாதம் வேண்டும். அரசு முன் வாங்கிய கடன் எதற்குச் செலவாயிற்று என்று அவை கேட்டறிந்த பின்பே புதுக் கடனுக்கு இசைய வேண்டும். இவ்வளவே மனு.

அவர் மனைவி கமலவேணி கேட்டாள்: "ஆஸ்பத்திரி வேணும்னு எழுதாம, இதென்னங்க?"

"ஆஸ்பத்திரி நமக்கு மட்டும். இது எல்லாருக்கும்."

உடன் உழைத்த நாற்பத்தொரு பேர் கையொப்பமிட்டனர். மனுவை அவைக்கு எடுத்துச் செல்ல ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இசைவதற்கு மூன்றாண்டுகள் ஆயின. அதற்குள் பதினொருவர் மாண்டனர்.

நண்பர் அழகேசன் தாளைப் புரட்டினார். "செத்தவங்க பேர அடிச்சிரு. செல்லாதுன்னுடப் போறாங்க."

"போட்டப்ப உசுரோடதானய்யா இருந்தாங்க."

"சரிதான். டெல்லிக்குப் போறது அவங்களுக்குத்தான் சுலபம். பஸ்சு, ரயிலு ஒண்ணும் வேணாம்." அழகேசன் சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது.

தொழிலாளர் துறையின் கோரிக்கை வரும் நாளில் தூசிநோயைப் பற்றிக் கேட்பதாக அந்த உறுப்பினர் வாக்களித்திருந்தார். மாசி மாதப் பிற்பகலொன்றில் வீரமுத்து தலையணைகளில் சாய்ந்து தொலைக்காட்சியின் முன் காத்திருந்தார். அவையில் வேறொன்றைக் குறித்துக் கூச்சல் எழுந்தது, ஒத்திவைத்தனர். மீண்டும் கூடினர், மீண்டும் ஒத்திவைத்தனர். மாலை ஆறு மணிக்கு எஞ்சிய துறைகளின் கோரிக்கைகள் யாவும் ஒருசேர வாக்குக்கு விடப்பட்டன. கையில் தாளோடு எழுந்த அந்த உறுப்பினர் ஒருகணம் திரையில் தெரிந்து மறைந்தார்.

ஏற்போர் 'ஆம்' என்று முழங்கினர். மறுப்போர் சொல்லலாம் என்று அவைத்தலைவர் கூறியபோது, வீரமுத்து சாய்விலிருந்து எழுந்து அமர்ந்தார்.

"இல்லை" என்றார்.

அக்குரல் அடுப்படிக்கும் எட்டவில்லை. அருகில் இருந்ததால் கமலவேணிக்குக் கேட்டது. கோரிக்கைகள் நிறைவேறின, எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.

இரவு ஏழரைக்கு உறுப்பினரே தொலைபேசியில் அழைத்தார். "மன்னிச்சிருங்க ஐயா. அடுத்த வருஷம் கண்டிப்பா பேசறேன்."

"உங்க மேல வருத்தமில்லீங்க சார். எழுந்து நின்னீங்களே, பாத்தேன். சாப்புட்டீங்களா?"

தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் மூச்சைச் சேர்த்தார்.

"அடுத்த வருஷம் கேப்பாராம்."

கமலவேணி அவர் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். "கேக்கட்டும். நாம பாப்போம்" என்றாள். இன்னும் எத்தனை நாள் என்று மருத்துவர் அவளிடம் சொல்லியிருந்தார். அவரிடமும் சொல்லியிருந்தார்.

"பாப்போம்" என்றார் அவரும்.