முட்டுச்சுவரும் பார்க்கிங்கும்

1. மெஷின் வந்து இறங்கியது

நான் போய்ச் சேர்வதற்குள் சுவர் உடைக்கிற மெஷினை டெம்போவிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். "ருக்கோ பையா!" என்று நிறுத்தச் சொல்லி நான் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தில்லி மயூர் விஹார் வீட்டிலிருந்தபடியே பழைய கட்டடங்களின் உறுதிபற்றி ஸ்ட்ரக்சுரல் ஆலோசனை சொல்லிவந்தேன். அன்று கூப்பிட்டது ஒரு பழைய சர்ச். வெள்ளைக்காரன் காலத்தில் கோதிக் பாணியில் கல்லால் கட்டியது. அதன் செயலாளர் சாமுவேல், திருநெல்வேலிக்காரர். வடக்குச் சுவருக்கு வெளியே, அதை ஒட்டிக் குறுக்குவாட்டில் வரிசையாக நிற்கும் கல் முட்டுச்சுவர்களை இடித்தால் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்பது அவர் யோசனை. அடுத்த மாதம் அங்கேதான் அவர் மகளுக்குக் கல்யாணம். தில்லியில் பார்க்கிங்குக்காக அண்ணன் தம்பியே அடித்துக்கொள்கிறார்கள். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்?

"எம்மா, இது சும்மா அலங்காரத்துக்குத்தான நிக்கு? ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க," என்றார்.

"முதல்ல உள்ள போய்ப் பாப்போம் சார்."

உள்ளே கால் வைத்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. நான் வாயாடி; அது அபூர்வம். தூண்கள் மேலே மேலே போய், விலா எலும்புகள்போலப் பிரிந்து, உச்சியில் கூராகச் சேர்ந்தன. சுவர் இருக்கவேண்டிய இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி. அம்மாடி, இத்தனை கனத்தை இத்தனை மெல்லிய சுவர் தாங்குகிறதே! படித்த விஷயம்தான், இருந்தும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

நான் கும்பகோணத்துக்காரி. எங்கள் கோயில்களில் உயரமெல்லாம் வெளியே, கோபுரத்தில். உள்ளே போகப் போகக் கூரை தாழும், வெளிச்சம் குறையும். கருவறையில் ஒரு தீபம்தான். இங்கே உயரமும் வெளிச்சமும் உள்ளே. ஆனால் இரண்டு இடத்திலும் எனக்குப் பேச்சு வந்ததில்லை.

2. சறுக்கிய கால்கள்

சாமுவேலிடம் டிராயிங்கை நீட்டினால் ஏறாது என்று தெரிந்தது. பெஞ்சிலிருந்த பாட்டுப் புத்தகங்களை எடுத்து இரண்டு அடுக்காக வைத்து, மேலே ஒன்றைக் குறுக்கே கிடத்தினேன்.

"இது எங்க கோயில். தூண் மேல உத்தரம். பாரம் நேரா கீழ இறங்கிடும். பக்கத்துல யாரும் முட்டுக் கொடுக்க வேண்டாம்."

"அப்ப இது?"

அவரையும், மெஷினைக் கொண்டுவந்த கான்ட்ராக்டர் பல்பீரையும் எதிரெதிரே நிறுத்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து நன்றாகச் சாயச் சொன்னேன். வழவழப்பான தரையில் இருவர் கால்களும் பின்னால் சறுக்கின. "பிசல் ரஹா ஹூன், மேடம்ஜி!" என்று பல்பீர் அலறினார். அவர் குதிகாலுக்குப் பின்னால் என் காலை வைத்து அடைத்தேன். சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்த பாதிரியார் சாமுவேலுக்கு அடைத்தார். இரண்டு கனத்த ஆண்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி அசையாமல் நின்றார்கள்.

"இப்ப நீங்க ரெண்டு பேரும்தான் கூரை. நானும் ஃபாதரும் முட்டுச்சுவர். ஃபாதர், காலை எடுங்க."

எடுத்தார். சாமுவேல் சறுக்கிக்கொண்டுபோய் பல்பீரோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சாமுவேல் அண்ணாந்து பார்த்தார். மணப்பெண் வந்து நிற்கும் இடம் அது.

"ஏசப்பா! இவ்வளவு கல்லும் எம் மவ தலைக்கு மேலயா?"

"முட்டு இருக்கிற வரைக்கும் பயமில்ல சார்."

மெஷின் அப்போதே திரும்பிப் போனது.

இளைய இன்ஜினியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சும்மா நிற்பதாகத் தெரியும் எதையும் இடிக்கும் முன், உள்ளே போய் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

அடுத்த மாதம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் காரை எங்கோ விட்டுவிட்டு, பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டரோடு முணுமுணுத்துக்கொண்டே நடந்து வந்தார்கள். மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்த சாமுவேல், வாசலுக்குப் போகாமல் வடக்குப் பக்கம் திரும்பினார்.

"என்ன டாடி, ஜல்தி! எல்லாரும் வெய்ட் பண்றாங்க."

"இரு மக்ளே," என்று முட்டுச்சுவரில் உள்ளங்கையை வைத்தார். "உள்ள போற முன்ன, வெளிய நின்னு தாங்குறவங்களுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வாறேன்."