லாங்கு பஜார் படத்தில் நின்றவர்

போன வாரம் எங்கள் பழைய ஆபீஸ் தோழிகளின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. வேலூர் லாங்கு பஜார். தகரக் கூரைக் கடைகள், இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா, தலையில் கூடையோடு ஒரு பெண், தூரத்தில் மணிக்கூண்டு. கீழே, ‘வெள்ளைக்காரன் காலத்து வேலூர், அபூர்வப் படம், எல்லோருக்கும் பகிரவும்’ என்று எழுதியிருந்தது. நான் பார்ப்பதற்குள் பாதிப் பேர் கைகூப்பி முடித்திருந்தார்கள்.

நான் கைகூப்பவில்லை. எதையும் எடுத்த எடுப்பில் நம்பி எனக்குப் பழக்கமில்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், அப்புறம் கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பேன். படத்தை விரலால் பெரிதாக்கினேன். ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் தொங்கின. எந்த வெள்ளைக்காரன் பிளாஸ்டிக் குடம் வாங்கினானோ தெரியவில்லை. ஆனால் குடத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. நடுவில் கோடு போட்ட சட்டையோடு ஒரு பெண்ணுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாரே ஒருவர், அவர் வீட்டில் நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன்.

இந்தச் சந்தேக புத்தி அம்மா கொடுத்தது. வேறெந்தச் சொத்தும் இல்லாததால் இதையாவது பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆம்பூர்க்காரர்களுக்கு மூக்கு வேறு மாதிரி வேலை செய்யும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலை இழுத்து மூடுகிற அந்தத் தோல் வாடை எங்களுக்கு வாடையே இல்லை. அது இல்லாவிட்டால்தான் எங்களுக்கு உறுத்தும். அப்பா ஒரு தோல் ஷாப்பில் செலக்டர். பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. சாயங்காலம் அவர் கழற்றிப் போடுகிற சட்டையை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற வைப்பாள். தோல் வாடை அடித்தால் சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா யூனியன் மீட்டிங் என்று வேலூர் போவார். அந்தச் சட்டையில் சோப்பு வாசனைதான் மிச்சமிருக்கும். அம்மா அந்தச் சட்டையை மற்றதோடு சேர்க்காமல் தனியாகத்தான் துவைப்பாள்.

நான் அப்போது ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த புதிது. ஜெர்மனியிலிருந்து சரக்கு எடுக்க வருகிறவர்களுக்குச் சந்தன மாலையும் ஊர்ப் படங்களும் கொடுத்து அனுப்புவது மேனேஜரின் வழக்கம். படத் தபாலட்டைகள் வாங்கிவர என்னை வேலூருக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கு எதிரே வரிசையாகக் கடைகள். வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள் நின்றுகொண்டே அட்டையின் பின்பக்கம் எழுதி ஊருக்குப் போடுவார்கள். கடைக்காரர் அதை வியூ கார்டு என்பார். கோட்டை அகழி, கோட்டைக்குள் கோயில் கோபுரம், ஆஸ்பத்திரி முகப்பு, கல்லூரி, மணிக்கூண்டு, பஜார் என்று ஒரு கட்டு. வானத்துக்கு வேண்டுமென்றே நீலம் ஏற்றியிருப்பார்கள். அப்படி ஒரு நீலத்தை எங்கள் பக்கத்து வானத்தில் நான் பார்த்ததில்லை.

கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பஜார் படத்தில் நின்றுவிட்டாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“இதுல நிக்கிறது யாரு?”

பார்த்தேன். அப்பா. அதே நெற்றி, அதே விரிந்த காது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற அதே நிலை. பக்கத்தில் ஒரு பெண். இருவருக்குமாக ஒரு குடை.

நான் சட்டையைக் காட்டினேன். கோடு போட்ட சட்டை அப்பாவிடம் இல்லவே இல்லை. அதுவே அவர் கட்சிக்குப் பாதகமாகப் போய்விட்டது.

“அப்ப சட்டைய அங்க வெச்சிருக்காரு,” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு ஒருநாளாச்சும் கொட புடிச்சிருக்காரா?” என்றாள்.

அப்பாவிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்பது அவள் கணக்கு. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா ஏதாவது ஜோக்கடித்தால் இவர் ஏன் இன்றைக்கு ஜோக்கடிக்கிறார் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. பிறகு அவர் வேலைக்குப் போன ஒரு பகலில், லீவு போடச் சொல்லி என்னையும் அழைத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினாள்.

படத்தில் இருந்த கடை பாத்திரக் கடை. அதே குடங்கள் அப்படியே தொங்கின. கடை பாய் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, அட்டையைப் பார்த்ததைவிட அதிக நேரம் எங்களைப் பார்த்தார்.

“இன்னாம்மா விஷயம்? பேஜார் ஒண்ணும் இல்லியே?”

சொந்தக்காரர் மாதிரி இருக்கிறது, அதனால்தான் கேட்கிறோம் என்றாள் அம்மா. பொய்தான். அது உண்மையாகப் போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. பாய் யோசித்துவிட்டு, இது ஏழுமலை, ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர், வீடு கொசப்பேட்டை என்று தெருவையும் சொன்னார். அப்பாவுக்கு ஏழுமலை என்று இன்னொரு பெயரும் இருக்கிறது என்று அம்மா உடனே முடிவு கட்டிவிட்டாள். தெரு முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் அந்த ஒத்திகை எல்லாம் வீணாகப் போனது. தூரத்தில் அப்பா. கிட்டத்தில் அப்பா இல்லை. குரல் வேறு, பல்வரிசை வேறு. படத்தில் குடைக்குள் நின்ற பெண், அவர் மனைவி சரசு, பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மா முகத்தில் வந்தது நிம்மதிதான். ஆனால் கூடவே ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது என்று இன்றும் சொல்வேன். தவறுதலாக வந்துவிட்டோம் என்று சொல்லித் திரும்பப் போனவள், உள்சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

சுவரில் மாலை போட்டு எங்கள் தாத்தா தொங்கிக்கொண்டிருந்தார். அப்பாவுடைய அப்பா. எங்கள் வீட்டில் இருக்கும் படத்தில் இதே முண்டாசோடு, வலது கையை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு முறைப்பார். இங்கே அதே முண்டாசு. ஆனால் உதட்டோரம் சிரிப்பு.

“இது யாரு?” என்றாள் அம்மா.

“எங்கப்பா. நீங்க யாரு?”

அம்மா சொன்னாள். அவர் முகம் மாறியது. யார் எங்களை அனுப்பினார்கள், வீட்டை அளந்து பார்க்க வந்தோமா, வக்கீல் யாராவது பின்னால் இருக்கிறாரா என்றெல்லாம் கேட்டார். ஒரு வாரமாக நாங்கள் அடுத்தவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். எங்களையும் ஒருவர் அப்படிப் பார்ப்பார் என்று தோன்றியதே இல்லை. சரசுதான் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

பேச்சு மெல்ல வெளியே வந்தது. தாத்தா மாட்டுவண்டிக்காரர். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். மலையடிவார ஊர்களிலிருந்து அதை ஏற்றிவந்து தோல் ஷாப்புகளில் இறக்குவது அவர் தொழில். வீட்டில் இல்லாத நாட்களில் மலைப்பக்கம் போயிருக்கிறார் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். ஆம்பூர் பட்டைக் கொட்டகையில் தங்கியிருக்கிறார் என்று அந்த வீட்டில் நினைத்தார்கள். இரண்டும் பாதி உண்மை. கடைசியாக அந்த வீட்டிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. கூட வண்டி ஓட்டுகிறவர் வந்து, மலையில் காய்ச்சல் கண்டு செத்தார், அங்கேயே புதைத்துவிட்டோம் என்று சொல்லிப் போனாராம்.

“அவுரு எங்க செத்தாரு?” என்று ஏழுமலை கேட்டார்.

“எங்க வீட்ல. கட்டில்ல படுத்து,” என்றாள் அம்மா.

அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். “மொகம் பாக்கக்கூட எங்களுக்குச் சொல்லல,” என்றார்.

புறப்படும்போது அம்மா பேச்சோடு பேச்சாக அவர் வயதைக் கேட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டுகிற வரை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு என் காதோரம் குனிந்து சொன்னாள்.

“உங்கப்பாவவிட ரெண்டு வயசு பெரியவரு. மொத கல்யாணம் அங்கதான். ரெண்டாங்குடும்பத்தப் புடிக்கப் போனோம். பாத்தா நாமதான்டி ரெண்டாவது.”

அப்பாவுக்குத் தன் அப்பா என்றால் தெய்வம். அமாவாசை தவறாமல் படையல் போடுவார். அவருக்குத் தெரியாமல் நாம் தெரிந்து வைத்திருப்பதும் ஒரு திருட்டுதான் என்று அம்மா ஒரு வாரத்துக்குள் முடிவுக்கு வந்து, சாப்பிட்டு முடித்தவர் கையில் அட்டையைக் கொடுத்தாள். அப்பா வெகுநேரம் பார்த்தார். தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. யூனியன்காரனை நோட்டம் பார்க்க மேனேஜ்மென்ட் ஆள் வைத்துப் படம் எடுத்திருக்கிறது என்றார். அம்மா உண்மையைச் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டார். எவனோ நம் வீட்டுக்குக் குறி வைக்கிறான் என்றார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட எங்கள் இரண்டு அறைகளுக்குக் குறி வைக்கிறவனைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அம்மா வயது விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் வேலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சந்திப்பதென்று ஏற்பாடாயிற்று. பொதுவான இடம். அப்பா என்னைச் சாட்சிக்குக் கூட்டிப்போனார், ஏழுமலை சரசுவோடு வந்தார். ஒரே முகம் இரண்டு எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றையொன்று சோதித்தன. டீ ஊற்றுகிறவர் அடுப்பைவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு என்ன பெயர்? தாத்தா எந்தக் காலை இழுத்து நடப்பார்? எல்லாம் ஒத்துப் போயிற்று. வெற்றிலையில்தான் சண்டை வந்தது. எங்கப்பா வெற்றிலையே தொட மாட்டார் என்றார் அப்பா. போடாவிட்டால் அவருக்குச் சோறே இறங்காது என்றார் ஏழுமலை. அதோடு, வெற்றிலை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலவே பேசிக் காட்டுவார், தெருவே வந்து உட்கார்ந்துவிடும் என்றும் சொன்னார்.

அப்பா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் டீ கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“உங்க வீட்ல சிரிப்பாரா?”

“சிரிச்சிக்கிட்டேதான் இருப்பாரு. ஏன்?”

எங்கள் வீட்டில் தாத்தா யாரோடும் சிரித்துப் பேசியதாக அப்பா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பிறகு, “வாங்க, எடத்தக் காட்றேன்,” என்று எழுந்தார்.

அன்றைக்கே நால்வரும் ஆம்பூர் பஸ் ஏறினோம். பாலாற்றங்கரைச் சுடுகாட்டில் தாத்தாவைப் புதைத்த வேலமரத்தடியை அப்பா காட்டினார். ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு, “கால் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அப்பா கை நீட்டினார். அவர் சுற்றிக்கொண்டு போய், கால் பக்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுப்பும்போது அவர் சட்டையில் ஒட்டிய மண்ணை அப்பாதான் தட்டிவிட்டார். அடுத்த அமாவாசைப் படையலில் இரண்டு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் இருந்தன.

ஏழுமலை முதல் தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அம்மா என்னை முன்னால் நிறுத்தி, “சித்தப்பாவுக்குத் தண்ணி குடு,” என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மூத்தவர் யார் என்று கணக்குப் போட அவருக்கும் தெரியும். அப்பா வாசலில் யாரிடமோ, என் தம்பி வந்திருக்கான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. ஏழுமலை சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, “சித்தப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் குடும்மா,” என்றார். அதன் பிறகு அப்பா இருந்த வரை எங்கள் வீட்டில் அவர் தம்பியாகவே இருந்தார். அப்பா வாடா போடா என்பார், இவர் அண்ணே என்பார். அம்மாவுக்கு மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இப்போது ஆஸ்பத்திரி எதிரில் வியூ கார்டு கேட்டால் கடைப் பையன்கள் மொபைல் கவர் எடுத்துக் காட்டுகிறார்கள். சித்தப்பா வேலை பார்த்த லாட்ஜை இடித்து வேறொன்று கட்டிவிட்டார்கள். பாலாற்று மணலை அள்ளி அள்ளி, கரை சரிந்து, அந்த வேலமரம் நின்ற இடமே இல்லாமல் போய்விட்டது.

அப்பா முதலில் போனார். சித்தப்பா சில வருஷங்கள் கழித்துப் போனார். கொசப்பேட்டை வீட்டில் கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்து வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. தடி ஊன்றி வந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள். சரசு சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“இன்னிக்காச்சும் பெரியப்பான்னு சொல்லி அழுடி.”

சொன்னேன். அந்த வீட்டில் அவருடைய பெண்கள் அழுதுகொண்டிருந்த சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.