கைரேகை வாங்காத பேராசிரியர்

கந்தர்வக்கோட்டை பஸ் நிறுத்தத்துச் சுவரில் இருந்த சுவரொட்டியை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘கண்ணீர் அஞ்சலி’ தடங்கலில்லாமல் வந்தது, சந்தோஷமாக இருந்தது. அதே சந்தோஷத்தோடு அடுத்த வரிக்குப் போனேன். பேராசிரியர் செல்வராசு. எழுபத்திரண்டு வயதில் படிக்கக் கற்றவன் துணையில்லாமல் படித்த முதல் பெயர் இதுதானா? படிக்க வைத்த மனிதர் இப்படியா செய்வார்?

சாரைத் தெரிந்தவர்களுக்கு அவர் பிடிவாதமும் தெரியும். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரத்தத்தின் வெள்ளை அணுக்களை ஆராய்ந்தார். ஓடும் இரத்தத்தில் அவை குழாய்ச் சுவரை எப்படிப் பற்றுகின்றன, வயதானால் அந்தப் பிடி என்னாகிறது என்பதே அவர் கவலை. கிழவர்களின் இரத்தம் கேட்டு எங்கள் முந்திரித் தோப்புக்கு வந்தார்.

“முந்திரிப் பிசின் மாதிரி ஒட்டுமா சார்?”

“பிசினை இழுத்தா விட்டுரும்யா. இதுல சில பிடி, இழுத்தா இன்னும் இறுகும். ரொம்ப இழுத்தாத்தான் விடும்.”

“அப்ப ஒங்கள மாதிரின்னு சொல்லுங்க.”

சிரித்துக்கொண்டே ஒப்புதல் படிவத்தை வாசிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முடியும் முன்பே கட்டைவிரலை நீட்டினேன். படிவத்தை மடித்துவிட்டார்.

“நான் இன்னும் படிச்சு முடிக்கலயே!”

“எதுல வேணும்னாலும் வைக்கிறேன் சார். நம்ம பக்கத்து ஆளுதானே நீங்க.”

“அதுனாலதான் வாங்க மாட்டேன்.”

மூன்று முறை வந்தார். மூன்று முறையும் இதே வழக்கு. படிக்கத் தெரியாதவர்களுக்கு ரேகையும் சாட்சியும் இருந்தால் போதுமாம், அதையும் அவரேதான் சொன்னார். “ஆனா நீங்க கேக்கவே மாட்டேங்கிறீங்களே. கேக்காத ஆளுகிட்ட ரத்தம் எடுத்தா அது திருட்டுய்யா.” அந்த எரிச்சலில்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். “நானே படிச்சுக் கையெழுத்துப் போட்டு ஒங்க மூஞ்சியில வீசுறேன்” என்று போனில் கத்தினேன்.

“வீசுங்க. காத்திருக்கேன்.”

காத்திருக்கவில்லை. வகுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கையில் அந்தச் சுவரொட்டி.

பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். சாரோடு வேலை பார்த்த அம்மா ஆராய்ச்சியைத் தொடர்கிறார். படிவத்தோடு மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார்.

“ரேகை வச்சாப் போதும் அய்யா. ஒங்களுக்கு நேரமாகும்ல?”

“இருங்கம்மா, நான் இன்னும் படிச்சு முடிக்கல.”

ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாம் பக்கத்தில், ‘எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்’ என்று இருந்தது. அந்த வரி வரைக்கும் நான் அவரை ஒருநாளும் படிக்க விட்டதில்லை. எனக்கு மாட்டேன் என்று சொல்லும் உரிமை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் அந்த மனிதர் மூன்று முறை வந்திருக்கிறார்.

கையெழுத்துப் போட்டேன். வீசுவதற்கு முகம் இல்லை. மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

எனக்கென்று கொடுத்த நகல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இப்போது யார் எந்தத் தாளை நீட்டினாலும் கடைசி வரி வரை படித்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்.