கமலவேணியின் பகல் தூக்கம்

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த கமலவேணிக்குத் தூக்கத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று காஜா பேராங் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தான். சொன்னதில் பொய்யில்லை. முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். மாட்டுவண்டியில் ஏறினால் தூங்குவாள். செங் என்ற ஊரின் சன்னாசிமலைத் திருவிழாவில் தவில்காரர் காதுக்குப் பக்கத்தில் நின்று வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இவள் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எனக்கோ பகலில் தூங்குகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

என் பெயர் சிவகாமசுந்தரி. அவள் புருஷன் மருதமுத்துவின் அண்ணனைக் கட்டியவள். என் வீட்டுக்காரர் யுத்தத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லாததால் கொழுந்தன் வீட்டோடு தங்கிவிட்டேன். ஆக, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அந்தப் பலகை வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் கத்துவேன், மருதமுத்து சிரிப்பான், கமலவேணி தூங்குவாள். அவளுக்கும் பிள்ளை இல்லை.

மருதமுத்துவுக்குப் பண்டார் ஹிலிரில் ஒரு மளிகைக் கடையில் வேலை. மத்தியானம் சாப்பிட வருவான். அவள் பாயில் சுருண்டு கிடப்பாள். அவனே தட்டை எடுத்து, அவனே போட்டுச் சாப்பிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவள எழுப்பேன் தம்பி. சோறு போடக்கூடவா கை இல்ல?"

"விடுங்க அண்ணி. அவ தூங்குறதப் பாத்தாலே எனக்கு அலுப்பெல்லாம் போயிடுது."

இப்படி ஒரு புருஷன் இருந்தால் எவள்தான் விழித்திருப்பாள் என்று நான் முணுமுணுத்துக்கொள்வேன். அவனுக்குக் கேட்கும்படிதான் முணுமுணுப்பேன்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போனது, துணி போனது, மருந்து போனது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஊரை விட்டுப் போனது தூக்கம்தான். லோரிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிடுவோம். காலையில் எல்லோருடைய கண்ணும் மிளகாயைத் தேய்த்த மாதிரி சிவந்திருக்கும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை வரும். கமலவேணி மட்டும் எப்போதும்போலத் தூங்கினாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

கடைகளில் ஒன்றும் கிடைக்காததால் பெண்களெல்லாம் புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் போய்க் காடு வெட்டி மரவள்ளி நட்டோம். வெயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக முடியாது. பக்கத்து வீட்டு ரோஷன் பீவிதான் முதலில் தன் மகளைக் கமலவேணியிடம் விட்டாள். அஸ்மாவுக்கு அப்போது நாலைந்து வயது இருக்கும். ஊரில் குண்டு விழுந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தூக்கமே இல்லை. தட்டு விழுந்தால் அலறும். பாயை நனைக்கும். காலில் வந்த சிரங்கு ஆறவே ஆறாது. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

தூங்குமூஞ்சியிடம் பிள்ளைகளை விட்டால் உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. கமலவேணி தாலாட்டுப் பாட மாட்டாள், கதை சொல்ல மாட்டாள், தட்டிக்கூடக் கொடுக்க மாட்டாள். முன்கதவைத் தாழ் போடுவாள். நடுவில் பாயை விரித்துப் படுப்பாள். "வாங்கடா" என்பாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் முன்னால் அவள் தூங்கிவிடுவாள். பெரிய மனுஷி ஒருத்தி இத்தனை நிம்மதியாகத் தூங்குகிறாளே, அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தோன்றுமோ என்னவோ. ஒவ்வொன்றாகக் கொட்டாவி விடும். ஒன்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும், ஒன்று வளையலை. அஸ்மாவுக்குச் சுண்டுவிரல். கடைசி வரைக்கும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது பார்த்தால் மூடிக்கொள்வது அவள்தான். கமலவேணி மாமி வருத்தப்படக் கூடாதாம். அதற்காகத் தூங்குவது போல நடிப்பாள்.

அரை வயிற்றுச் சாப்பாடுதான். அதில் மாற்றமில்லை. ஆனாலும் மத்தியானம் தூங்கி எழுந்த பிள்ளைகளின் முகம் மாறியது. ஒரு துண்டுக் கிழங்குக்காகக் கட்டிப் புரண்டவை, பிட்டுக் கொடுத்துச் சாப்பிட ஆரம்பித்தன. காய்ச்சல் வந்தால் சீக்கிரம் விட்டது. பாயை நனைப்பது நின்றது. தூங்காமல் சும்மா கண்ணை மூடிக் கிடந்ததற்கே அஸ்மாவின் காலில் சிரங்கு காய்ந்து உதிர்ந்தது. ரோஷன் பீவி அந்தக் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் உன் தூக்கத்துல பரக்கத்த வச்சிருக்கான் தங்கச்சி" என்றாள். கமலவேணி வெட்கப்பட்டாள். தூங்கியதற்காக அவளை யாரும் அதுவரை பாராட்டியதே இல்லை.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு பரவிய வருஷம் அது. நானும் ரோஷன் பீவியும் அன்றைக்குக் கிழங்குக் காட்டில் இருந்தோம். திரும்பி வந்தபோது தெருவே கூடி நின்றது. மத்தியானம் கடைப் பக்கம் லோரி வந்ததாம். மருதமுத்துவையும் சேர்த்து ஒரு கும்பலை ஏற்றினார்களாம். கடை முதலாளி கெஞ்சியதில், சட்டையும் போர்வையும் எடுத்துக்கொள்ள அவனை மட்டும் சந்து முனையில் இறக்கிவிட்டார்களாம். பின்பக்கமாக வீட்டுக்குள் போனான், கொஞ்ச நேரத்தில் வந்தான், ஏறினான், போய்விட்டான்.

கமலவேணி விழித்து எழுந்தபோது ஆணியில் சட்டை இல்லை.

அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. புருஷன் போன கவலை, யாருக்குத்தான் தூக்கம் வரும், போகப் போகச் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். சரியாகவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவராதீர்கள், என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து சந்து முனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண் சொருகினால் தன்னைத் தானே கிள்ளிக்கொள்வாள். கையெல்லாம் கன்றிப் போயிருந்தது.

தூக்கம் போனால் ஒரு மனுஷிக்கு என்னவெல்லாம் போகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் பசி போனது. பிறகு ஞாபகம். உப்புப் போட்ட குழம்புக்கு மறுபடியும் உப்புப் போடுவாள். விறகை எடுக்கப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். கை நடுங்கும். சின்னச் சிராய்ப்பு சீழ் வைக்கும். என்னையே ஒரு நாள் யாரோ அன்னியரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நாள் முழுக்கத் திட்டினாலும் அவள்மேல் எனக்கு எத்தனை உயிர் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

உச்சியில் எண்ணெய் வைத்தேன். வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன். ரோஷன் பீவி யுத்தத்துக்கு முன்னால் பத்திரப்படுத்தியிருந்த கடைசிப் பிடி கசகசாவை அரைத்துக் கொடுத்தாள். தண்ணீர் ஓதிக் கொடுத்தாள். நான் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒன்றுக்கும் அவள் மசியவில்லை.

ஒரு நாள் காட்டிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே வந்தேன். அடுப்படியில் அஸ்மா தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் மட்டும் வேலியில் நுழைந்து வந்துவிடுவாள். பசிக்கிறது என்றிருக்கிறாள், கமலவேணி கிழங்கை வேகவைத்து அவள் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூலையைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்ததில் கசப்பு மரவள்ளியும் உண்டு. அதைச் சீவி, ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகுதான் வாயில் வைக்கலாம். இல்லையென்றால் விஷம். அப்படித் தின்று செத்த குடும்பங்களை ஊரே அறியும். முந்தின நாள் நான் பறித்துக் கொண்டுவந்து போட்ட கசப்புக் கிழங்கு மூலையில் இல்லை. ஊற வைக்கிற சட்டி காய்ந்து கிடந்தது.

தட்டை ஓங்கித் தட்டிவிட்டேன். பிள்ளையின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். நல்லவேளை, சூட்டுக்குப் பயந்து இன்னும் வாயில் வைக்கவில்லை.

"கொன்னிருப்பியேடி! கசப்புக் கிழங்குடி இது! புள்ளைய கொன்னிருப்பியே!"

கமலவேணி கிழங்கைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தூங்குடின்னா தூங்க மாட்டேங்குற. இப்படியே முழிச்சிக் கிடந்து யாரைக் காப்பாத்தப் போற?" என்று கத்தினேன்.

"எப்படிக்கா தூங்குவேன்?" என்றாள். அத்தனை நாளாக அடைத்துக் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அவரு வந்து கூப்பிட்டிருப்பாரு. கமலா, கமலான்னு எத்தனை தடவை கூப்பிட்டாரோ. பொணம் மாதிரி கிடந்திருப்பேன். லோரிக்காரன் அவசரப்படுத்தியிருப்பான். பொண்டாட்டி மூஞ்சியக்கூடப் பாத்துப் பேசாம போயிட்டாரே. இந்தப் பாழும் தூக்கத்தாலதானே? இனிமே நான் தூங்கவே கூடாதுக்கா."

தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சி என்று வாய் ஓயாமல் சொன்னவள் நான்தானே. குனிந்து, சிதறிய கிழங்கைப் பொறுக்கினேன்.

அப்போது அஸ்மா, "கூப்பிடலையே" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"மாமா கூப்பிடலையே. நான் முழிச்சிருந்தேன். மாமாவ பாத்து நான்தான் மாமிய எழுப்பப் போனேன்." அஸ்மா உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "இப்படிப் பண்ணினாரு. எழுப்பாத புள்ள, தூங்கட்டும், பேசக் கூடாதுன்னாரு. அதான் நான் பேசல."

அந்தப் பிள்ளை, அவன் சொன்ன சொல்லை அத்தனை நாளாகக் காப்பாற்றியிருக்கிறது. பேசக் கூடாது என்றால் பேசவே கூடாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

கமலவேணி தவழ்ந்து போய் அவள் தோளைப் பிடித்தாள். "அப்புறம் என்னம்மா பண்ணாரு மாமா?"

"மாமிகிட்ட உக்காந்தாரு. மாமி மேல ஈ உக்காந்துச்சு. விசிறினாரு. லோரி பாம் பாம்னு அடிச்சிச்சு. அப்புறம் போயிட்டாரு."

"அழுதாரா?"

அஸ்மா யோசித்தாள். "இல்ல. மாமிய பாத்து சிரிச்சாரு."

கமலவேணி அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கு எதற்கு ஒளிவு. அழுது முடிந்ததும் அவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். மயக்கமோ என்று பயந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். தூக்கம். பழைய தூக்கம், வாயைத் திறந்துகொண்டு. அஸ்மா அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். சற்று நேரத்தில் அவளும் நிஜமாகவே தூங்கிவிட்டாள்.

நான் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தேன். மகளைத் தேடி வந்த ரோஷன் பீவியிடம் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவளும் சத்தமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாய்ந்தது, விடிந்தது, கமலவேணி எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது முதலில் சொன்ன வார்த்தை, "பசிக்குதுக்கா." அதைக் கேட்க நான் எத்தனை நாள் தவம் கிடந்தேன்! கை நடுக்கம் மெல்ல நின்றது. புண் ஆறியது. பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். கசப்புக் கிழங்கை அவளே பார்த்துப் பார்த்து ஊற வைத்தாள்.

மருதமுத்து திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் போன பிறகு, சயாமிலிருந்து பொன்னுதுரை என்ற ஒருவர் எலும்பும் தோலுமாக, காலில் கட்டோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். மருதமுத்துவோடு ஒரே கொட்டகையில் இருந்தவராம். அவன் பேதியில் போனதைச் சொல்லிவிட்டு, குனிந்து காலின் கட்டைச் சரிசெய்தார்.

"அங்க யாருக்கும் தூக்கம் வராதும்மா," என்றார் பிறகு. "மழை, கொசு, முனகல். வீட்டுல என்ன ஆச்சோ, புள்ளைங்க என்ன ஆச்சோன்னு அழுதுட்டே கிடப்போம். மருதமுத்து மட்டும், 'என் வீட்டுல அவ இந்நேரம் நல்லா தூங்கிட்டிருப்பா, நான் பாத்துட்டுத்தான் வந்தேன்'னு சொல்லுவாரு. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவாரு."

"தூங்குவாரா?" என்று கேட்டாள் கமலவேணி.

"எங்க எல்லாரையும் விட நல்லா தூங்குவாரும்மா. கடைசியிலயும் அதைத்தான் சொன்னாரு."

அவர் போன பிறகு அவள் நெடுநேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. மத்தியானம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எப்போதும்போல நடுவில் பாயை விரித்தாள். அஸ்மா ஓடிவந்து சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நானும் அவர்களுக்குப் பக்கத்தில் படுத்தேன்.